ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போறவங்க கொஞ்சம் சிரிச்ச முகமா போங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தே ஓ கலக்கி வச்சுக்கிட்டுப் பொறுமையாப் படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிற மனுஷன் பக்கத்துல சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? ஒரு தேவாரம் பாடலாம், திருநீறு பூசலாம். இவனுங்க என்னமோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கெக்கே பிக்கேன்னு சிரிக்கிறானுங்க." பேச்சு யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும். எங்க குடும்பத்தைப் பற்றித்தான். பெரியப்பா வார்டில் இருந்த 11 நாளில் பாதிக்கு மேல் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை. நின்று பதில் சொன்னால் சாம்பார் ஆறிவிடும் என்று நகர்ந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

என் கருத்து இதுதான். நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு தொண்டு என்றால், படுத்திருக்கிறவரை ஐந்து நிமிஷமாவது பழைய மனுஷனாக ஆக்கிவிட்டு வருவதுதான் அந்தத் தொண்டு. அதுக்குச் சிரிப்பு மாதிரி கைகொடுப்பது வேறு எதுவும் இல்லை. ஆனால் யார் சிரிப்பது, எதைப் பார்த்துச் சிரிப்பது, எந்த நாளில் சிரிப்பது என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபடாதவர்கள் பேசாமல் திருநீறு பூசிவிட்டு வருவதே நல்லது. அதிலே அந்த ரெண்டு பேர் சொன்னது சரி.

பெரியப்பாவை நம்ம கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெயர் வேண்டாம். மடப்பள்ளியில் 26 வருஷமா சாம்பார் அவர் கைதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டி, வேலையை விட்ட பிறகு முழுநேரமும் கோயில் அடுப்படி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது. ஆனா படுத்திருக்கும்போதுகூட ஆளு பார்க்க நல்லா இருந்தாருன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அவருக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று நினைத்துப் பல மாதம் யாரிடமும் சொல்லாமல் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஆம்பளைங்களுக்கு இது ஒரு வியாதி, சொல்ல வெட்கப்படுவது. இந்த நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முன்வரிசையில் இருக்கிறது. 50 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்க கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்கிறார்கள். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வயிற்றை நீளமாகத் திறந்து, குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். முதல் ரெண்டு நாள் மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய். அந்த ரெண்டு நாள் யாரும் ஜோக் அடிக்கக் கூடாது. அடித்தாலும் எடுபடாது. பஞ்சை நனைத்து உதட்டில் தடவி விடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அவ்வளவுதான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லை.

ரெண்டாவது நாள் ராத்திரி அவருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறியது. வார்டை மடப்பள்ளி என்று நினைத்துவிட்டார். "அரிசி மூட்டை இன்னும் வரல, கூட்டம் வந்திருச்சு, அடுப்பை யாரு அணைச்சது?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயசானவங்களுக்கு இப்படி வருவது உண்டு, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடியைப் போட்டு விடுங்க, இன்னைக்கு என்ன கிழமை, இது என்ன இடம்னு அடிக்கடி எடுத்துச் சொல்லுங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும் என்றார். கூடத் தங்க மிஸ்ஸிகளும் அனுமதி கொடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானமும் அவர் முழுசாகத் தெளியவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கைப்பேசியை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். "தாத்தா செம காமெடி பண்றாரு." வாங்கி அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். இதைக் குறித்து எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தன் நினைவில் இல்லாத மனுஷன் பேசுவது காமெடி கிடையாது. அவர் அந்த நேரத்தில் பயந்துபோய் இருக்கிறார். அடுப்பு அணைந்துவிட்டது, ஆயிரம் பேர் பசியோடு நிற்கிறார்கள் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு அறுபது பேர் சிரிக்கும் பொம்மையைத் தட்டிவிட்டால், அவர் தெளிந்த பிறகு அதை எப்படிப் பார்ப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் செய்தது ஒன்றுதான். "பெரியப்பா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இன்னைக்கு வியாழக்கிழமை. அரிசி விஷயம் நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு இருபது தடவை சொல்லியிருப்பேன். சாயங்காலம் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ பாத்துக்கிட்டா பருப்பும் சேர்ந்து வராதே" என்றார். அப்பாடா, ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு ஆரம்பித்தது அங்கேதான். முதலில் சிரிப்பு மூட்டியது அவர். நாங்கள் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வரும்.

கட்டில் தலைமாட்டில் 'புவாசா' என்று ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பு வார்டு, ஒரு நாளைக்கு 3 வெள்ளி. "மூணு வெள்ளிக்கு மூணு வேளை சாப்பாடு, படுக்கை, காத்தாடி எல்லாம் உண்டு. எனக்கு மட்டும் படுக்கையும் காத்தாடியும்தான். மீதிக் காசைத் திருப்பிக் கேளு" என்றார். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுத்த ஆள்தான். "நம்ம விரதத்துல பாலும் பழமும் உண்டுடா. டாக்டர் விரதம் முருகன் விரதத்தைவிடக் கஷ்டம்."

இனி வருவதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். வயிற்று ஆபரேஷன் நடந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

வயிற்றில் கை வைத்து ஆபரேஷன் செய்தால் குடல் சில நாள் தூங்கிவிடும். அது விழித்துக்கொண்டதா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று, காற்று பிரிந்ததா என்பது. காலையில் சுற்றி வந்த டாக்டர் ஒரு சின்ன வயசு மலாய்ப் பெண். முக்காடு போட்டு, மரியாதையாகக் குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்: "பாக்சிக், சுடா கெந்துட்?" அதாவது, ஐயா, காத்து பிரிஞ்சதா. பெரியப்பா காது கேட்காத மாதிரி விட்டத்தைப் பார்த்தார். டாக்டர் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. "பெலும்" என்றார், இன்னும் இல்லை என்று, பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி.

டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "நாப்பத்தாறு வருஷமா உங்க பெரியம்மா என்னை இதுக்குத்தான் திட்டுனா. அப்பல்லாம் கேக்காமலே வந்துச்சு. இப்ப இவ்வளவு படிச்ச பொண்ணு காலங்காத்தால வந்து பணிவாக் கேக்குது, வர மாட்டேங்குது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்ததும் வலியில் முகம் சுருங்கிப் போனது. வயிற்றில் தையல் போட்டிருக்கும்போது சிரிப்பும் இருமல் மாதிரிதான், உள்ளே பிடித்து இழுக்கும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா வந்து, ஒரு தலையணையைக் காயத்தின் மேல் வைத்து ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார். அதே தலையணை சிரிப்புக்கும் ஆனது. அதற்குப் பிறகு நாங்கள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "இரு, தலகாணி எடுத்துக்கிறேன்" என்று அணைத்துப் பிடித்துக்கொண்டு, "ம், இப்ப சொல்லு" என்பார். பார்க்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வயிறோ நெஞ்சோ திறந்த ஆளிடம் தலையணை கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் சிரிப்பு மூட்டாதீர்கள். புன்சிரிப்பு போதும், விழுந்து விழுந்து சிரிக்க வைக்க வேண்டியதில்லை. அவர் கையை நீட்டி "போதும்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஜோக் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

எதிர்க் கட்டிலில் ஒரு சீன அங்கிள். அவருக்கும் வயிற்று ஆபரேஷன்தான், அவருக்கு ரெண்டாம் நாளே காரியம் நடந்துவிட்டது. தினமும் காலையில் பெரியப்பாவைப் பார்த்து, "சாயா சுடா மெனாங்" என்று கட்டைவிரலைக் காட்டுவார். நான் ஜெயிச்சுட்டேன் என்று. பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவர் ரெண்டு பேருக்கும் நடுவர். அஞ்சாம் நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த என்னைத் தட்டினார். "டேய், எழுந்திரு." பதறிப்போய், "என்ன பெரியப்பா, வலிக்குதா? மிஸ்ஸியைக் கூப்பிடவா?" என்றேன். "வலி இல்ல. ஜெயிச்சுட்டேன்." இருட்டில் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது: "அல்ஹம்துலில்லா."

அன்று காலை குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் பால் இல்லாத தே ஓ. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சீனியும் இல்ல, தேயிலையும் இல்ல, ஓ மட்டும்தான் இருக்கு" என்றார்.

பெரியம்மா இதுக்காகப் பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய் வேண்டியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. அர்ச்சனைக்குப் போனபோது குருக்கள், "என்ன வேண்டுதல்மா, சங்கல்பத்துல சொல்லணும்" என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்து, "ஒரு நல்ல காரியம் நடந்துச்சு சாமி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இப்போது கோயில்காரங்களாகிய நம்மைப் பற்றிக் கொஞ்சம். ஒரு நேரத்தில் ரெண்டு பேருக்குத்தான் அனுமதி என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும், நாம் ஏழு பேர் போவோம். 'புவாசா' அட்டைக்குக் கீழே சர்க்கரைப் பொங்கல் டப்பாவை வைப்போம், அதுவும் சர்க்கரை வியாதி உள்ளவருக்கு. பிரசாதம்தானே, ஒரு வாய் ஒண்ணும் பண்ணாது என்போம். எல்லாவற்றுக்கும் மேலே, "என் மச்சானுக்கும் இதே வியாதிதாண்ணே. நல்லாத்தான் இருந்தாரு. மூணே மாசம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருத்தர், "எந்த ஜென்மத்துல செஞ்ச வினையோ" என்று பெருமூச்சு விடுவார். இதையெல்லாம் சோகமான முகத்தோடு சொல்கிறோம் என்பதால் யாரும் மரியாதைக் குறைவு என்று நினைப்பதில்லை. படுத்திருக்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது? வினை என்று சொன்னவர் போன பிறகு பெரியப்பா ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சிரிப்புச் சத்தம் மரியாதைக் குறைவு என்கிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

சமயத்தில் சிரிப்புக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. நம்ம பிள்ளையார் கதைகள் ரெண்டை எடுத்துப் பாருங்கள், ரெண்டுமே வயிறும் சிரிப்பும்தான். ஒன்று, பிள்ளையார் கொழுக்கட்டையை நிறையச் சாப்பிட்டு, வயிறு வெடித்து, பாம்பை எடுத்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. அதை மேலேயிருந்து பார்த்துச் சந்திரன் சிரித்தான். சாபம் வாங்கிக்கொண்டான். இன்னைக்கும் சதுர்த்தி அன்று நிலாவைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் பெரியவங்க சொல்வது அதனால்தான். இன்னொன்று, பெருமாளின் சக்கரத்தைப் பிள்ளையார் விளையாட்டாக வாயில் போட்டு விழுங்கிவிட்டது. கேட்டால் தரவில்லை, மிரட்டினாலும் நடக்காது. பெருமாள் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அதைப் பார்த்துப் பிள்ளையார் வயிறு குலுங்கச் சிரிக்க, சக்கரம் வெளியே வந்து விழுந்தது. நாம் தோப்புக்கரணம் போடுவதற்குச் சொல்கிற கதை இது.

ரெண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்திரன் அடுத்தவர் வயிறு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து உயரத்திலிருந்து சிரித்தான். பெருமாள் தன்னைக் கோமாளியாக்கிக்கொண்டு அடுத்தவரைச் சிரிக்க வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாம் எந்தக் கட்சி என்று நடுவழியில் யோசித்துக்கொண்டு போனால் போதும்.

சுந்தரரையும் சொல்ல வேண்டும். கண் ரெண்டும் போய்த் தடுமாறிய நிலையில், அவர் சிவபெருமானிடம் அழுதது மட்டும் இல்லை, நீங்களாவது நல்லா இருங்க என்று குத்தலாகவும் பாடினார். தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கினவர், அந்த உரிமையில் பேசினார். நோயில் கிடக்கும்போது சாமியையே கிண்டல் செய்யலாம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைச் செய்வதற்கு என்ன?

இனி கஷ்டமான பகுதி. குடலை வெட்டி எடுத்த பிறகு, மலம் போக வயிற்றில் ஒரு வாய் வைத்து, அதன் மேல் ஒரு பை ஒட்டிவிட்டார்கள். ஸ்டோமா என்கிறார்கள். சில பேருக்குச் சில மாதம் கழித்து மூடிவிடுவார்கள், சில பேருக்கு ஆயுசு பூராவும். பெரியப்பாவுக்கு எப்படி என்று பிறகுதான் தெரியும். அதற்காகவே படித்த ஒரு மிஸ்ஸி வந்து, மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யணும், தோலைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பெரியம்மா கவனமாகப் பார்த்துக்கொண்டார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாலு நாள் அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் பார்க்க வந்த ஒரு தெரிந்தவர், நல்ல மனுஷன்தான், கட்டிலைச் சுற்றி நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவரும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "என்னண்ணே, இனிமே பசாருக்குப் போனா மஞ்சப்பை தேவையில்ல, வயித்துலயே பை இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா போர்வையை இழுத்து மார்பு வரை மூடிக்கொண்டார். அன்று ராத்திரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பை இன்னும் பெரியப்பாவுக்கே சொந்தமாகவில்லை, அதற்குள் இவர் அதை எடுத்து விளையாடிவிட்டார்.

எட்டாம் நாள் நம்ம கோயில் பொருளாளர் வந்தார். வேஷ்டி, பட்டுத்துண்டு, கையில் ஆரஞ்சுப் பழம். எதிரே உட்கார்ந்து திருவிழா வரவு செலவு பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பையிலிருந்து சத்தம் வந்தது. அதை நிறுத்தவும் முடியாது, அடக்கவும் முடியாது, அது பாட்டுக்கு வரும். எல்லாரும் சுவரைப் பார்த்தோம். பொருளாளர் ஆரஞ்சைப் பார்த்தார். பெரியப்பா நிதானமாகத் தலையணையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இவரும் உங்க ஆளுதான். பொருளாளர். எல்லாத்தையும் வாங்கி உள்ள வச்சுக்குவார், கணக்குக் கேட்டா சத்தம் மட்டும்தான் வரும்."

பொருளாளர் சிரித்த சிரிப்பில் துண்டு கீழே விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு மிஸ்ஸி ஓடி வந்தார். அன்றிலிருந்து அந்தப் பைக்குப் பெயர் பொருளாளர். "பொருளாளருக்குச் சட்டை மாத்தணும்" என்றால் பை மாற்றும் நேரம். "பொருளாளர் இன்னைக்குக் கோபமா இருக்கார்" என்றால் வயிறு சரியில்லை. மிஸ்ஸி சொல்லிக்கொடுத்ததை மறுநாள் முதல்முறையாகத் தன் கையாலேயே செய்தார். மஞ்சப்பை ஜோக்கும் பொருளாளர் ஜோக்கும் ஒரே பையைப் பற்றித்தான். ஒன்றை அடுத்தவர் சொன்னார், இன்னொன்றை அவரே சொன்னார். நோயாளி தன் உடம்பைப் பற்றித் தானே ஜோக் அடிக்கும்வரை நமக்கு அதைத் தொட உரிமை இல்லை. அவர் வாசலைத் திறந்துவிட்ட பிறகும், அவர் வைத்த அளவுக்கு மேல் போகக் கூடாது.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என்னிடம் கேட்டார்: "இந்தப் பையோட நான் மடப்பள்ளிக்குள்ள வரலாமாடா? தீட்டும்பாங்களே?" அப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. நானும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. "தெரியல பெரியப்பா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். பகல் முழுக்கச் சிரிக்கிற ஆள் ராத்திரியில் இப்படி ஒன்று கேட்பார். அந்தக் கேள்வியை ஒரு ஜோக் போட்டு மூடிவிடாதீர்கள், தயவுசெய்து. பகலில் நாம் சிரித்துப் பேசியதால்தான் அவருக்கு ராத்திரியில் இதைக் கேட்கும் தைரியம் வந்தது என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் குருக்களிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "எல்லார் வயித்துக்குள்ளயும் இருக்கறது தானே. நமக்கு உள்ள இருக்கு, அவருக்கு வெளிய ஒரு பையில இருக்கு. குளிச்சுட்டு வரச் சொல்லுங்கோ" என்றார். பெரியப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாம்பாருக்கு இப்ப யாரு புளி கரைக்கிறா?" என்றார்.

இதைக் கோயில் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்ம சன்னதியில் கும்பிட்டு நிற்கிறவர்களில் இன்னும் சில பேர் இந்தப் பையோடு வரலாம். நமக்குத் தெரியாது, சட்டைக்குள்ளே, சேலைக்குள்ளே இருக்கும். சரியாக ஒட்டியிருந்தால் வாடை வராது. வராமலே வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களும் இருக்கலாம். உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தால் குருக்கள் சொன்னதை அவர்களிடம் சொல்லுங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களையும் மறக்க வேண்டாம். பெரியம்மா வார்டுக்குள் சிரிப்பார், லிஃப்ட் பக்கம் போய் அழுவார். ஒரு நாள் அவரைக் கீழே கடைக்கு அழைத்துப் போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, பெரியப்பா கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னார். நோயாளியைப் பார்க்க முடியாமல் நேரம் முடிந்துவிட்டால் வருத்தப்படாதீர்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவைப் பாருங்கள். அதுவும் பார்த்த கணக்குதான்.

இன்னொன்று. சிரித்தால் புற்றுநோய் குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் நார்மன் கசின்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் 1979-ல் எழுதிய புத்தகத்தில், பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் ரெண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று தன் அனுபவத்தைச் சொன்னார். அவருக்கு இருந்தது மூட்டுகளைப் பிடிக்கிற வியாதி, வயிற்றில் தையல் கிடையாது. பெரியப்பாவுக்குக் கட்டியை எடுத்தது டாக்டரின் கத்தி. மருந்து ஏற்ற வேண்டியது இன்னும் இருக்கிறது, அதற்கு முடியும் கொட்டலாம், வாந்தியும் வரலாம். சிரிப்பு அதையெல்லாம் நிறுத்தாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக்கூட அந்த ராத்திரிகள் கொஞ்சம் சீக்கிரம் விடிந்தன, அவ்வளவு சொல்லலாம்.

கைப்பேசியில் கவுண்டமணி, வடிவேலு காமெடியைச் சத்தமாகப் போடுவதும் வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் வலியோடு ஒருத்தர் தூங்கப் பார்த்துக்கொண்டிருப்பார். காதில் மாட்டிக் கொடுங்கள். அதைவிட, அவருக்குத் தெரிந்த ஆட்களைப் பற்றிய கதை ஒன்று கொண்டு போங்கள். பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது தோட்டத்து டிரெஸர் கதை. காய்ச்சல், வயிற்றுவலி, கால் சுளுக்கு, எல்லாத்துக்கும் ஒரே சிவப்புத் தண்ணி கொடுப்பாராம். அதை அவர் வார்டில் மூணு தடவை சொன்னார், மூணு தடவையும் நாங்கள் புதுசாகச் சிரித்தோம். கேட்டுச் சிரிப்பதும் ஒரு வேலைதான். நீங்கள் பெரிய நகைச்சுவைப் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை.

பெரியப்பா இப்போது மடப்பள்ளி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்குகிறார். கனமான எதையும் தூக்கக் கூடாது, தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்டா பக்கம் போனால் எனக்கு உடனே சொல்லுங்கள். சாம்பாரில் உப்பு குறைவு என்று அவரிடம் சொல்லாதீர்கள், இப்போது வைப்பது நான்.

அடுத்த புதன்கிழமை பூக்கட்டு அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். பார்க்கப் போகிறவர்கள் எனக்கு மெசேஜ் போடுங்கள், ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்து நேரம் தருகிறேன். முதல் ரெண்டு நாள் வீட்டு ஆட்கள் மட்டும். அக்காவுக்கு ராத்திரி எட்டு மணி நாடகம் போய்விடுமே என்றுதான் ஆபரேஷனைவிடக் கவலை. யாராவது தினமும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் போகும்போது கதையைச் சொல்லுங்கள். மாமியார் மாதிரி நடித்துக் காட்டத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.